சர்க்கரை நோயும் ரத்தத்தின் வெள்ளை அணுக்களும்: சேலம், ஏற்காடு பகுதியினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் நகரத்திலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்து வருபவர்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளில் பல ஒரே மாதிரியானவை. வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றனவே, எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா, புண் ஏன் ஆறவில்லை என்பவை அவற்றுள் முக்கியமானவை. அவற்றுக்கான விடைகளை இங்கே சற்று விரிவாகவே எழுதியிருக்கிறோம். உங்கள் மருந்தின் அளவை மாற்றும் முடிவை மட்டும் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

எதிர்ப்பு அணுக்கள் என்பவை எவை? என் சீட்டில் அவை எங்கே இருக்கின்றன?

சிபிசி என்று எழுதிக் கொடுக்கப்படும் முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையில் டோட்டல் கவுண்ட் என்று வருவது வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருப்பது இயல்பு. அதற்குக் கீழே டிஃபரன்ஷியல் கவுண்ட் என்ற தலைப்பில் ஐந்து வகை அணுக்களின் விழுக்காடு தரப்பட்டிருக்கும். அவற்றுள் நியூட்ரோபில்கள் பாக்டீரியாவை முதலில் எதிர்கொள்பவை. மொத்தத்தில் பாதிக்கு மேல் அவையே. லிம்போசைட்டுகள் கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்பவை. டி செல், பி செல் ஆகியவை இவற்றில் அடங்கும். மோனோசைட்டுகள் ரத்தத்திலிருந்து திசுவுக்குள் சென்று மேக்ரோபேஜ் என்னும் விழுங்கும் செல்களாக மாறுபவை. ஈசினோபில்கள் ஒவ்வாமையிலும் புழுத் தொற்றிலும் கூடுபவை. பேசோபில்கள் மிகச் சிலவே இருக்கும்.

சர்க்கரை நோய் வந்தால் வெள்ளை அணுக்கள் கூடுமா, குறையுமா?

இரண்டாம் வகை சர்க்கரை நோயில், அதாவது நம் ஊரில் பெரியவர்களுக்குப் பரவலாக வருகிற வகையில், மொத்த எண்ணிக்கையும் நியூட்ரோபில்களும் மோனோசைட்டுகளும் சராசரியாகப் பார்க்கும்போது சற்று அதிகமாக இருக்கின்றன. 'சராசரியாக' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிட்டால் தெரிகிற இந்த வேறுபாடு, தனி ஒருவரின் சீட்டில் பெரும்பாலும் இயல்பு எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே டோட்டல் கவுண்ட் 9,000 என்று இருப்பதைப் பார்த்துச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றோ, 6,000 என்று இருப்பதைப் பார்த்து இல்லை என்றோ சொல்ல முடியாது. நோயை உறுதிப்படுத்துபவை வேறு அளவுகள்: வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 மி.கி. அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல்.

எண்ணிக்கை ஏன் கூடுகிறது என்பதற்கு எலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒரு வழியைக் காட்டியிருக்கின்றன. ரத்தத்தில் குளுக்கோஸ் மிகும்போது நியூட்ரோபில்கள் சில புரதங்களை வெளியிடுகின்றன. அவை எலும்பு மஜ்ஜையை எட்டி, நியூட்ரோபில்களையும் மோனோசைட்டுகளையும் மேலும் உற்பத்தி செய்யத் தூண்டுகின்றன. அந்த எலிகளின் சர்க்கரையைக் குறைத்தபோது இந்த மிகை உற்பத்தியும் குறைந்தது. மனிதர்களில் இதனுடன் தொப்பைக் கொழுப்பு, பீடி, சிகரெட் பழக்கம், ஆறாத ஈறு நோய் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகவே வெள்ளை அணுக்களைக் கூட்டக்கூடியவை.

என் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் கால் புண் ஆறவில்லை, அடிக்கடி கட்டி வருகிறது. ஏன்?

இந்தப் பக்கத்திலுள்ள கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான் என்று கருதுகிறோம். எண்ணிக்கையைப் பார்த்து ஆறுதல் அடைபவர்களே நம்மிடையே அதிகம். அம்மாப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ ஒரு தறிப் பட்டறையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று தெரியும். அன்று எத்தனை மீட்டர் துணி நெய்யப்பட்டது என்று தெரியாது. சிபிசி சொல்வதும் வருகைக் கணக்கை மட்டுமே.

ஒரு நியூட்ரோபில்லின் வேலையைப் படிப்படியாகப் பார்த்தால் கோளாறு எங்கே நிகழ்கிறது என்பது விளங்கும். காலில் முள் குத்தி உள்ளே பாக்டீரியா நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்திலிருந்து வேதிச் சைகைகள் கிளம்புகின்றன. நியூட்ரோபில் ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டி, செல்களுக்கு இடையே நுழைந்து வெளியேறி, சைகை வரும் திசையை நோக்கி ஊர்ந்து சென்று, பாக்டீரியாவைச் சூழ்ந்து விழுங்கி, உள்ளே வைத்து ஆக்சிஜனிலிருந்து உருவாக்கும் நச்சு மூலக்கூறுகளால் அதைக் கொல்ல வேண்டும். சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் இருப்பவர்களின் நியூட்ரோபில்களைப் பிரித்தெடுத்துச் சோதித்த ஆய்வுகளில், சைகையை நோக்கி நகர்வது, விழுங்குவது, கொல்வது ஆகிய மூன்றுமே மந்தமாக இருப்பது பலமுறை காணப்பட்டுள்ளது.

கொல்லும் ஆற்றல் குறைவதற்கான காரணங்களில் ஒன்று ஓரளவு தெளிவாகத் தெரிந்ததே. நியூட்ரோபில்லுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை. ரத்தத்தில் கூடினால் செல்லுக்குள்ளும் கூடிவிடும். அப்படிக் கூடிய குளுக்கோஸின் ஒரு பகுதி சார்பிட்டால் என்னும் பொருளாக மாற்றப்படுகிறது. அந்த மாற்றம் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறைச் செலவழிக்கிறது. பாக்டீரியாவைக் கொல்லும் நச்சு ஆக்சிஜனை உருவாக்கவும் அதே மூலக்கூறுதான் வேண்டும். இப்படி, கிருமியைக் கொல்வதற்கு இருக்க வேண்டிய சரக்கு சர்க்கரையைச் சமாளிப்பதிலேயே தீர்ந்துபோகிறது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் அதே அணுக்களிடம் இருக்கிறது. நியூட்ரோபில்கள் சில வேளைகளில் தம் டிஎன்ஏவையே வலை போல வெளியே வீசிக் கிருமிகளைச் சிக்க வைக்கும். சர்க்கரை நோயாளிகளின் நியூட்ரோபில்கள் இந்த வலையைத் தேவைக்கு மீறி வீசுகின்றன என்றும், அது புண்ணில் படிந்து ஆறுதலைத் தடுக்கிறது என்றும் 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வலை வீசும் திறன் நீக்கப்பட்ட எலிகளில் புண் விரைவாக ஆறியது. மோனோசைட்டுகளும் இப்படியே, கிருமி இல்லாத நேரத்திலும் டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்களை, அதாவது கிருமியையோ காயத்தையோ எதிர்க்க உடல் வீக்கமும் சிவப்புமாகக் கிளர்ந்தெழும்படி தூண்டும் பொருள்களைச் சுரந்துகொண்டிருக்கும். இதய ரத்தக் குழாய்களில் அடைப்பு உருவாவதில் இந்த ஓயாத அழற்சிக்குப் பங்குண்டு. வேலை செய்ய வேண்டிய இடத்தில் மந்தமும், தேவையற்ற இடத்தில் பரபரப்புமாக இந்த இரண்டும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் இருப்பதால்தான், 'எதிர்ப்புச் சக்தி குறைவு' என்ற மூன்று சொற்களில் இந்த நிலையை அடக்க முடிவதில்லை.

புண் ஆறாமைக்கு அணுக்கள் மட்டுமே பொறுப்பல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அணுக்கள் அங்கே போய்ச் சேர்வதே கடினம். நரம்பு மரத்திருந்தால் புண் இருப்பதே தெரியாது. முதுகிலோ பிடரியிலோ பல கண்களுடன் சீழ் வைத்து வரும் ராஜபிளவையைச் சர்க்கரை நோயுடன் சேர்த்தே நம் பெரியவர்கள் பேசி வந்தார்கள். அது சரியான கவனிப்பு. அப்படி ஒரு கட்டி வந்தால், முன்பு சர்க்கரை இல்லை என்று சொல்லப்பட்டவரும் மறுபடி சோதித்துக்கொள்வது நல்லது.

சர்க்கரையால் அணுக்கள் கெடுகின்றனவா, அணுக்களால் சர்க்கரை நோய் வருகிறதா?

இரண்டும் நடக்கின்றன. 1876இலேயே வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்ற ஜெர்மன் மருத்துவர், அழற்சியைக் குறைக்கும் சோடியம் சாலிசிலேட்டைக் கொடுத்தபோது சில நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைப் பதிவு செய்தார். அது ஏன் என்பதற்கான விளக்கம் நூற்றாண்டு கடந்தே கிடைக்கத் தொடங்கியது. உடல் பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டிஎன்எஃப்-ஆல்ஃபாவைச் சுரப்பதும், அது இன்சுலினின் செயலைத் தடுப்பதும் 1993இல் தெரியவந்தன. அதைச் சுரப்பவற்றில் பெரும்பங்கு கொழுப்பு செல்கள் அல்ல, கொழுப்புக்குள் குடியேறிய மேக்ரோபேஜ்களே என்பது 2003இல் தெரியவந்தது. ஒல்லியானவரின் கொழுப்புத் திசுவிலுள்ள செல்களில் மேக்ரோபேஜ்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. மிகவும் பருத்தவர்களில் அது நாற்பது விழுக்காட்டை நெருங்கும். இவை ரத்தத்தில் மோனோசைட்டுகளாகச் சுற்றிக்கொண்டிருந்தவையே.

'நான் குண்டு இல்லையே, எனக்கு ஏன் வந்தது' என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2004இல் லான்செட் இதழில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் தங்களையே அளந்து காட்டினார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. நம்மவர்களுக்குக் கையும் காலும் மெலிந்திருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. அழற்சி அணுக்கள் குடியேற அதுவே போதும். ஆகவே எடைக் கருவியைக் காட்டிலும் இடுப்புச் சுற்றளவை நம்புங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நம் மக்களுக்குச் சொல்லப்படும் எல்லை.

குழந்தைகளுக்கு வரும் முதல் வகை சர்க்கரை நோயிலும் இதே கதைதானா?

இல்லை, அது முற்றிலும் வேறு. அங்கே டி செல்களில் ஒரு பகுதி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே அந்நியமாகக் கருதி அழிக்கிறது. அந்த டி செல்கள் ரத்தத்தில் மிக அரிதாகவே இருப்பதால் சிபிசியில் லிம்போசைட் எண்ணிக்கை மாறாமலே இருக்கும். பீட்டா செல்களுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஜிஏடி ஆன்டிபாடி போன்ற எதிர்ப்பொருள்களை ரத்தத்தில் சோதித்துத்தான் அறிய வேண்டும். இரண்டாம் வகைக்கு மாறாக, முதல் வகையில் நோய் வெளிப்படும் காலத்தில் நியூட்ரோபில்கள் சற்றே குறைந்திருப்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. டி செல்களின் தாக்குதலைத் தணிக்கும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2022 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. அது நோயைத் தடுத்துவிடுவதில்லை. நோய் வெளிப்படுவதை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது. பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் ஊசியில்லாமல் கழிவது சிறிய செய்தியல்ல. இந்த வகைப் பிள்ளைகளுக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும், அவர் உறவினராகவே இருந்தாலும், கேட்க வேண்டாம்.

டோட்டல் கவுண்ட் 12,400, நியூட்ரோபில் 80, லிம்போசைட் 14, வெறும் வயிற்றுச் சர்க்கரை 228 என்று வந்திருக்கிறது. லிம்போசைட் குறைந்துவிட்டதா?

இந்த எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். விழுக்காட்டைப் பார்த்தால் லிம்போசைட் குறைந்தது போலத் தோன்றும். 12,400இல் 14 விழுக்காடு என்பது 1,736. லிம்போசைட்டுகள் 1,000க்கு மேல் இருந்தால் பெரியவர்களுக்கு அது இயல்பே. ஆகவே லிம்போசைட் குறையவில்லை. 12,400இல் 80 விழுக்காடு, அதாவது 9,920 நியூட்ரோபில்கள், கூடியிருப்பது இவைதான். அவை கூடியதால் மற்றவற்றின் விழுக்காடு சுருங்கித் தெரிகிறது. எப்போதும் விழுக்காட்டை மொத்தத்தால் பெருக்கிப் பாருங்கள்.

அடுத்து, நியூட்ரோபில் ஏன் கூடியது என்று கேட்க வேண்டும். சர்க்கரை நோய் மட்டுமே இந்த அளவுக்குக் கூட்டுவது அரிது. பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, விரலிடுக்குப் புண், நெஞ்சுச் சளி, எரிச்சலே இல்லாத உள்ளங்கால் கொப்புளம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அந்தத் தொற்றுதான் சர்க்கரையையும் 228க்கு ஏற்றியிருக்கக்கூடும், ஏனெனில் தொற்றின்போது உடல் சுரக்கும் கார்டிசால், அட்ரினலின் போன்றவை குளுக்கோஸைக் கூட்டும். கர்ப்பமும், பரிசோதனைக்குச் சற்று முன் மூச்சிரைக்க மாடியேறி வந்திருப்பதும்கூட எண்ணிக்கையைச் சற்றே கூட்டும். இன்சுலின் போதாமல் உடலில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் சேர்ந்து மூச்சு வாங்கும் அவசர நிலையில், தொற்று இல்லாமலேயே எண்ணிக்கை 10,000 முதல் 15,000 வரை போகும்; 25,000ஐத் தாண்டினால் தொற்று இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்துப் பார்க்கும் விகிதத்தை இப்போது சிலர் கணக்கிடுகிறார்கள். மேலே உள்ள சீட்டில் அது 5.7. கூட்டம் கூட்டமாக ஒப்பிடும் ஆய்வுகளில் இது சிறுநீரக பாதிப்புடனும் கால் புண்ணுடனும் தொடர்புடையதாகத் தெரிகிறது. ஆனாலும் ஒருவருக்கு இந்த எண்ணை வைத்து மருத்துவம் செய்யும் அளவுக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட எல்லை எதுவும் வகுக்கப்படவில்லை. இதற்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

மூட்டு வலிக்கு ஊசி போட்ட பிறகு சர்க்கரையும் கூடியது, வெள்ளை அணுக்களும் கூடின. இதற்கும் சர்க்கரை நோய்தான் காரணமா?

அந்த ஊசி ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு, ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்களைக் கழற்றி ரத்த ஓட்டத்தில் விடுகிறது. அதனால் எண்ணிக்கை கூடும். சுவரில் ஒட்டாத அணு திசுவுக்குள் போக முடியாது என்பதால் வேலை குறையும். அதே மருந்து கல்லீரலில் குளுக்கோஸ் உற்பத்தியையும் கூட்டும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கரும்பூஞ்சை நோய் நாடு முழுவதும் பரவியதற்கு, கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்ததே பெரிய காரணம். அந்தப் பூஞ்சையைத் தடுத்து நிறுத்தும் முதல் அரண் நியூட்ரோபில்களும் மேக்ரோபேஜ்களும்தான். ஸ்டீராய்டு தேவைப்படும் நோய்கள் இருக்கின்றன. அங்கே அது உயிர்காக்கும் மருந்து. என்ன ஊசி, எத்தனை நாள் என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காசநோய் வந்தவர்களுக்கெல்லாம் ஏன் சர்க்கரை பார்க்கிறார்கள்?

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் காசநோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதனால்தான் தேசியக் காசநோய்த் திட்டத்தில் காசநோயாளிகள் அனைவருக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நுரையீரலுக்குள் நுழையும் காசநோய்க் கிருமியை முதலில் விழுங்குவது அங்குள்ள மேக்ரோபேஜ். அதன் பிறகு கிருமியின் அடையாளம் நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு டி செல்களுக்குக் காட்டப்பட வேண்டும். சர்க்கரை நோயுள்ள எலிகளில் இந்தச் செய்தி போய்ச் சேரத் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் கிருமி பெருகிவிடுகிறது. பிறகு டி செல்கள் வந்து சேரும்போது அளவுக்கு மீறிய வேகத்துடன் செயல்பட்டு நுரையீரல் திசுவையும் சேர்த்து அழிக்கின்றன. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் மனித ரத்தத்தில் செய்த ஆய்வுகளிலும், இரண்டு நோயும் உள்ளவர்களிடம் டி செல்களின் அழற்சிச் சுரப்பு மிகுந்திருப்பது தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். எடை குறைவதைச் சர்க்கரையின் மீதே போட்டுவிட்டுக் காசநோயைத் தவறவிடுவது வருத்தத்துக்குரிய முறையில் அடிக்கடி நடக்கிறது.

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. ஈசினோபில் கூடுதல் என்று வந்திருக்கிறது. இதுவும் சர்க்கரையாலா?

பெரும்பாலும் இல்லை. ஈரமண்ணில் வெறுங்காலுடன் வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழு போன்றவை தோல் வழியே நுழையும். ஈசினோபில் கூடுவதற்கு அதுவும், ஆஸ்துமா போன்ற ஒவ்வாமையும் வழக்கமான காரணங்கள். மலம் பரிசோதித்து, தேவையானால் புழு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். கொக்கிப்புழுவால் ரத்தசோகை வந்தால் மூன்று மாதச் சராசரியும் ஏமாற்றும்: இரும்புச்சத்துக் குறைவில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அப்போது வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் பார்க்கும் அளவுகளையே நம்ப வேண்டும்.

இங்கே சுவையான செய்தி ஒன்று உண்டு. சென்னையில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயுள்ளவர்களிடம் யானைக்கால் புழுத் தொற்று மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. புழு, தான் பிழைத்திருப்பதற்காக நம் எதிர்ப்பு அணுக்களின் அழற்சியைத் தணித்து வைக்கிறது. அந்தத் தணிப்பு இன்சுலினுக்குச் சாதகமாக இருக்கலாம் என்பது விளக்கம். இதைக் கேட்டுவிட்டுப் புழு மாத்திரையை யாரும் தள்ளிப்போட வேண்டாம். புழுவால் வரும் ரத்தசோகையும் சோர்வும் உறுதியான தீமைகள்.

ஆடியில் தீமிதிக்க வேண்டுதல் இருக்கிறது. சர்க்கரை இருப்பவர்கள் மிதிக்கலாமா?

இந்தக் கேள்வியைத் தயக்கத்துடன்தான் கேட்கிறார்கள். நேராகவே விடை சொல்வது நல்லது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் மிதிக்கக் கூடாது. மரத்த கால் சூட்டை உணராமல் மெதுவாக நடக்கும். மறுநாள் உள்ளங்காலில் நீர்க் கொப்புளம் இருக்கும், வலி இருக்காது. வலியில்லாததால் அவர் அதே காலுடன் வேலைக்குப் போவார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கொப்புளம் உடைந்து, ஓரத்தில் சிவப்பு படர்ந்து, துணியில் மஞ்சள் கறை தெரியும்போதுதான் வீட்டில் யாராவது கவனிப்பார்கள். அந்த நேரத்தில் நியூட்ரோபில்கள் மந்தமாக வந்து சேர்ந்திருக்கும். ரத்தக் குழாய் குறுகியிருந்தால் அந்த அளவுகூட வந்திருக்காது. பெரியவர்கள் காலிழந்த கதைகளில் பல இப்படித் தொடங்கியவை.

மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்பது சில நிமிட வேலை. அதை ஆடிக்கு முன்பே செய்துகொள்ளுங்கள். வேண்டுதலைப் பொங்கல் வைத்தோ மாவிளக்கு எடுத்தோ நிறைவேற்ற வழியுண்டு. கோயிலில் பூசாரியிடம் சொன்னால் அவரே வழி சொல்வார்.

காய்ச்சல் வந்தால் சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா? ஜவ்வரிசிக் கஞ்சி குடிக்கலாமா?

நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்தக் கூடாது. தொற்றின்போது, சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரை அணுக்களை மேலும் மந்தமாக்கும், தொற்று நீடிக்கும். முதல் வகையினர் இன்சுலினை ஒருபோதும் முழுவதும் நிறுத்தக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் சில மாத்திரைகளை மட்டும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். அவை எவை என்று காய்ச்சல் வருவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜவ்வரிசி சேலத்தின் அடையாளம் என்பதில் நமக்குப் பெருமையே. ஆனால் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து வரும் அது ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்து. புரதமும் நாரும் இல்லையென்றே சொல்லலாம். வெள்ளைச் சர்க்கரை போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி ஒரு டம்ளர் குடித்தால் காய்ச்சல் நேரத்தில் சர்க்கரை வேகமாக ஏறும். கேழ்வரகுக் கூழையோ பாசிப்பருப்புச் சேர்த்த கஞ்சியையோ அளவாகக் குடிக்கலாம். டெங்குக் காய்ச்சலில் வெள்ளை அணுக்கள் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். வழக்கமாக 9,000 இருப்பவருக்குக் காய்ச்சலில் 3,000 என்று வந்தால் அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுத வேண்டாம்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்புமா?

நியூட்ரோபில்களைப் பொறுத்தவரை நம்பிக்கையுடன் சொல்லலாம். உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது. ஒவ்வொன்றும் ரத்தத்தில் சில மணி நேரம் முதல் சில நாள் வரைதான் இருக்கும். சர்க்கரை குறைந்தபின் பிறக்கும் அணு, குறைந்த சர்க்கரையிலேயே வேலை செய்கிறது. இன்சுலினால் சர்க்கரையைக் குறைத்த பிறகு இவற்றின் கொல்லும் திறன் மேம்பட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சர்க்கரையை 180க்குள் வைக்க மருத்துவர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

மோனோசைட்டுகளிடம் நிலைமை அவ்வளவு எளிதல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதல் வகை நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களும் அப்படி இல்லாதவர்களும் ஆய்வு முடிந்தபின் ஒரே மாதிரியான சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். இருந்தும் பழைய வேறுபாட்டின் விளைவு, கண்ணிலும் சிறுநீரகத்திலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. பிற்பாடு அவர்களின் மோனோசைட்டுகளைச் சோதித்தபோது, அழற்சி மரபணுக்களைச் சூழ்ந்த புரதங்களில் பழைய சர்க்கரையின் தடம் இருப்பது தெரிந்தது. எனவே நோய் தெரிந்த முதல் ஆண்டுகளிலேயே கட்டுப்பாட்டைக் கொண்டுவருவது, பத்து ஆண்டு கழித்துத் தொடங்குவதைவிடப் பலமடங்கு பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறோம்.

அழற்சியின் ஊற்றை அடைப்பதும் உதவும். ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மூன்று, நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைகிறது. இது ஒரு கூடுதல் மாத்திரை தரும் பலனை நெருங்குகிறது. சர்க்கரைக்காக மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பல் மருத்துவரையும் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

கட்டுப்பாடு தவறுவதற்கு, மலைக் கிராமங்களில் மாத்திரை தீர்ந்துபோய் விட்டுவிடுவதும் ஒரு காரணம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெயர் பதியாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட பொடி, லேகியம், டானிக் எடுத்துக்கொள்ளலாமா?

உங்களுக்குக் குறைவது அணுக்களின் எண்ணிக்கை அல்ல என்பதை மேலே பார்த்தோம். அழற்சி ஏற்கெனவே மிகுந்திருக்கும் உடலில் எதைக் கூட்டுவது? லேகியங்களில் வெல்லமும் தேனும் இருக்கும். பெயரோ உள்ளடக்கமோ எழுதப்படாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நாட்டின் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சாப்பிட்ட இரண்டே நாளில் மூட்டு வலி மாயமாகிப் பசி கூடினால் சந்தேகப்படுங்கள்.

மந்தமான அணுக்களை வைத்துக்கொண்டு தடுப்பூசி போட்டால் பயன் இருக்குமா?

இருக்கும். தடுப்பூசிக்கு விடையளிப்பவை பெரும்பாலும் பி செல்களும் டி செல்களும். சர்க்கரை நோயில் அவற்றின் பதில் சிலருக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும் பாதுகாப்பு கிடைக்கவே செய்கிறது. ஆண்டுதோறும் இன்ஃப்ளுயன்சா ஊசி, நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி, முன்பு போடாதவர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி, பத்தாண்டுக்கு ஒருமுறை டெட்டனஸ் சேர்ந்த ஊசி ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. ஐம்பது வயது கடந்தவர்கள் அக்கி ஊசி பற்றியும் கேட்கலாம். ஊசி போட்டபின் ஓரிரு நாள் சர்க்கரை சற்று ஏறலாம், தானே இறங்கிவிடும். காய்ச்சல் கடுமையாக இருக்கும் நாளில் மட்டும் தள்ளிப்போட்டு, குணமானதும் போட்டுக்கொள்ளுங்கள்.